வடிகட்டி பார்க்கும் சுட்டியும் நாம் சொடுக்கும் சுட்டியும்

உங்களுக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் படித்துவிடுகிறார்கள். முதலாமவர் வாசலில் நிற்கும் எரித வடிகட்டி (ஸ்பாம் ஃபில்டர் என்றால்தான் பலருக்கும் புரியும்). இரண்டாமவர் மின்னஞ்சல் செயலி. அஞ்சலைத் திரையில் அழகாக அடுக்கி, நடுவில் இருக்கும் இணைய முகவரிகளுக்கு நீல நிறம் பூசி, அடிக்கோடு போட்டு, "சொடுக்கிக்கொள்" என்று நம் முன்னால் வைப்பவர் அவர்தான்.

இருவரும் ஒரே அஞ்சலைத்தான் படிக்கிறார்கள். ஆனால் "இதில் சுட்டி எங்கெங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், இருவரும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள். எரிதம் அனுப்புகிறவர்களின் பிழைப்பில் ஒரு நல்ல பகுதி அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் நடக்கிறது. கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன வடிகட்டி எழுத உட்கார்ந்தபோது, வார்த்தைகளை எண்ணுவதும் நிகழ்தகவு போடுவதும்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அவை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. சுட்டியைக் கண்டுபிடிப்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது.

சுட்டியைக் கண்டுபிடிப்பதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். வெற்று எழுத்தாக வரும் அஞ்சலில் சுட்டி என்று ஒரு பொருளே கிடையாது. அங்கே இருப்பது எழுத்துகளின் வரிசை மட்டும். அதில் எது முகவரி, எது வாக்கியம் என்று செயலி ஊகிக்கிறது. இந்தத் தொல்லை வரும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்ததுதான். இணைய முகவரிகளுக்கான விதிகளை டிம் பெர்னர்ஸ்-லீயும் மற்றவர்களும் 1994-இல் எழுதியபோதே, வாக்கியத்துக்கு நடுவில் முகவரியை எழுதினால் அதைச் சுற்றி முக்கோண அடைப்புக்குறி போடுங்கள் என்று பின்னிணைப்பில் யோசனை சொல்லியிருந்தார்கள். 2005-இல் வந்த திருத்திய விதிகளிலும் அந்த யோசனை இருக்கிறது. யார் கேட்டார்கள்? நாம் பாட்டுக்கு வாக்கியத்தின் கடைசியில் முகவரியைப் போட்டு, அதன்மேல் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்துவிடுகிறோம். அந்தப் புள்ளி முகவரியைச் சேர்ந்ததா, வாக்கியத்தைச் சேர்ந்ததா? பெரும்பாலான செயலிகள் புள்ளியை வெட்டிவிடும். சரி, அடைப்புக்குறியில் முடிந்தால்? விக்கிப்பீடியாவில் ஒரே பெயரில் பல கட்டுரைகள் இருக்கும்போது பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் "திரைப்படம்" என்றோ "ஊர்" என்றோ சேர்ப்பார்கள். அங்கே கடைசிக் குறி முகவரியின் உறுப்பு. அதை வெட்டினால் வேறு பக்கத்துக்குப் போய்விடுவோம்.

இதைவிட வேடிக்கை, முன்னால் எந்த அடையாளமும் இல்லாத வெறும் பெயர்களைச் சுட்டியாக்குவது. ஆங்கிலத்தில் அஞ்சல் எழுதும்போது முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட மறந்து, அடுத்த வாக்கியத்தை "இன்" என்று ஆரம்பித்தால் போதும், இந்தியாவின் டாட் இன் தளம் ஒன்று நீல நிறத்தில் முளைத்துவிடும். "இட்" என்று ஆரம்பித்தால் இத்தாலி. "இஸ்" என்று ஆரம்பித்தால் ஐஸ்லாந்து. உலகச் சுற்றுலாவே போய்வரலாம் :-) நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். பைத்தான் கோப்பின் பெயரில் கடைசியாக வரும் இரண்டு எழுத்துகள் பராகுவேயின் குறி. நிரலோடு கூடவே வரும் "ரீட்மீ" கோப்பின் கடைசி இரண்டு எழுத்துகள் மால்டோவாவின் குறி. 2013 அக்டோபருக்குப் பிறகு புதிய முடிவுகள் வரிசையாக வர ஆரம்பித்து, ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2023 மே மாதத்தில் கூகுள் டாட் ஜிப் என்ற முடிவையும் எல்லோருக்கும் விற்பனைக்குத் திறந்துவிட்டது. முப்பது வருடமாக ஜிப் என்றால் சுருக்கிய கோப்பு என்று இருந்தோம். "படங்களை ஆல்பம் டாட் ஜிப் என்ற கோப்பில் அனுப்பியிருக்கிறேன், பார்" என்று தம்பி எழுதிய பழைய அஞ்சலில்கூட, அந்தப் பெயரை யாரோ ஒருவர் தளமாக வாங்கிப் போட்டிருந்தால், செயலி அவருடைய வாசலுக்கு ஒரு சுட்டி போட்டுக் கொடுத்துவிடக்கூடும்.

தம்பி சுட்டி எழுதவில்லை, எரிதம் அனுப்பியவனும் எழுதவில்லை. சுட்டியைச் செய்தது செயலி. அஞ்சல் வந்து சேர்ந்த நாளில் வடிகட்டி அதைப் பார்த்திருந்தால் அங்கே கோப்பின் பெயர்தான் இருந்திருக்கும். எதைச் சோதிப்பது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். முகவரியை எழுதிவிட்டு இடைவெளி விடாமல் "இல்" என்றோ "ஐப்" என்றோ சேர்ப்பது நமக்கு இயல்பு. ஒருங்குறி எழுத்துகளை ஏற்கும் செயலி அந்த உருபையும் முகவரிக்குள் இழுத்துக்கொள்ளும். சொடுக்கினால் "பக்கம் கிடைக்கவில்லை". இது ஒரு பக்கம் என்றால், நேர் எதிரான கோளாறு இன்னொரு பக்கம். சில நிரல் மொழிகளில் "எழுத்து" என்பதற்கான தேடல் குறி, க, த, ம போன்றவற்றை எழுத்து என்று ஒப்புக்கொள்ளும். ஆனால் கொம்பையும் சுழியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. பைத்தானுடன் வரும் தேடல் நூலகம் அப்படித்தான். ஆகவே முகவரியின் கடைசியில் "தமிழ்" என்று இருந்தால், அப்படி எழுதிய நிரல் "தம" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஒருவர் வாலைச் சேர்த்துப் பிடிக்கிறார், இன்னொருவர் கழுத்தோடு வெட்டிவிடுகிறார். வடிகட்டி ஒரு நூலகத்திலும் செயலி இன்னொரு நூலகத்திலும் எழுதப்பட்டிருந்தால் இருவரும் வெவ்வேறு சுட்டிகளைப் பார்க்கிறார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் அது பல சமயம் விழுக்காட்டுக் குறிகளாக மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக விரியும். ஆக ஒரு "க"வுக்கு 9 இடம், ஒரு "கி"க்கு 18 இடம். "திருவள்ளுவர்" என்பதில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 12 குறியீடுகள், அதாவது 108 இடங்கள். (நூற்றெட்டு! கோவில் பிரகாரம் சுற்றின மாதிரி.) மின்னஞ்சலின் ஒரு வரி 78 இடங்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று விதி சொல்கிறது. பழைய செயலிகள் அந்த இடத்தில் வரியை மடித்துவிடும். வள்ளுவர் இரண்டாகிவிடுவார். முதல் பாதிதான் நீல நிறமாகும்.

இத்தனை விழுக்காட்டுக் குறிகளைப் பார்த்தால் வடிகட்டிக்குச் சந்தேகம் வருவதிலும் நியாயம் இருக்கிறது. சாதாரண ஆங்கில எழுத்துகளையே இப்படிக் குறிகளாக மாற்றி முகவரியை மறைப்பது எரிதக்காரர்களின் பழைய பழக்கம். ஸ்பாம்அசாசின் என்ற இலவச வடிகட்டியில், தேவையே இல்லாமல் அளவுக்கு மீறி இப்படி மறைத்த முகவரிகளுக்கென்றே ஒரு விதி இருந்தது. "தேவையே இல்லாமல்" என்பதுதான் அங்கே முக்கியம். ஆங்கில எழுத்தை மறைக்கத் தேவை இல்லை, தமிழ் எழுத்துக்கு வேறு வழி இல்லை. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், முகவரி நீளமாக இருக்கிறது, குறிகள் நிறைய இருக்கின்றன என்று மட்டும் எண்ணி மதிப்பெண் போடுகிற வடிகட்டியை எழுதினால், தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு கட்டுரையை நண்பனுக்கு அனுப்புவதே குற்றமாகிவிடும்.

சரி, வடிகட்டிக்குச் சுட்டிகள்மேல் ஏன் இவ்வளவு அக்கறை? எரிதக்காரன் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அனுப்பியவர் பெயரைப் பொய்யாகப் போடலாம், தலைப்பை மாற்றலாம், வார்த்தைகளைக் கொச்சையாக எழுத்து மாற்றி எழுதலாம், யாருடைய வைரஸ் பிடித்த கணினியிலிருந்து வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் கடைசியில் நம்மை எங்கேயோ வரவழைத்தாகவேண்டும். கடைக்கு வழி சொல்லாமல் வியாபாரம் பண்ண முடியாது. வார்த்தைகளின் நிகழ்தகவை வைத்து எரிதத்தைப் பிடிக்கலாம் என்று பால் கிரஹாம் 2002 ஆகஸ்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு பேயசியன் வடிகட்டிகள் பரவின. எரிதக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நல்ல வார்த்தைகளைக் கொட்டி நிரப்பிக் குழப்பினார்கள். 2004-இல் எஸ்யூஆர்பிஎல் என்ற பட்டியல் வந்தது. அஞ்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, அஞ்சலுக்குள் இருக்கும் சுட்டி எங்கே போகிறது என்று கேட்பதுதான் அதன் வழி. வடிகட்டி முகவரியிலிருந்து தளப்பெயரை மட்டும் பிரித்தெடுத்து, அதைப் பட்டியலின் பெயரோடு ஒட்டி, சாதாரண டிஎன்எஸ் கேள்வியாக அனுப்பும். பட்டியலில் இருந்தால் 127 என்று தொடங்கும் ஒரு எண் பதிலாக வரும். இல்லாவிட்டால் "அப்படி ஒன்றும் இல்லை". அதே வருடம் வந்த ஸ்பாம்அசாசின் 3.0-இல் இது சேர்ந்தே வந்தது. அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எதுவரை தளப்பெயர்? டாட் கோ டாட் இன் என்று முடிவதில் கடைசி இரண்டு துண்டுகள் யாருக்கும் சொந்தமில்லை, மூன்றாவதுதான் ஆளின் பெயர். ப்ளாக்ஸ்பாட்டில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். நம் தமிழ்ப் பதிவர்களில் பாதிப்பேர் அங்கே குடியிருந்தவர்கள்தான். பக்கத்து அறையில் ஒருவன் மாத்திரை விற்றான் என்பதற்காக விடுதி முழுவதையும் பட்டியலில் போடமுடியுமா? எங்கே வெட்டுவது என்பதற்கு மோசில்லாக்காரர்கள் தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு வடிகட்டி எழுதுகிற யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிருந்துதான் சந்து விளையாட்டு ஆரம்பம். எச்டிஎம்எல் அஞ்சலில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று, உள்ளே இருக்கும் முகவரி வேறொன்று. வங்கியின் பெயரை மேலே எழுதி, உள்ளே எங்கேயோ இருக்கும் தளத்தை வைத்துவிடலாம். இதைப் பிடிக்க தண்டர்பேர்ட் செயலி 2006-இல் வெளிவந்த 1.5 பதிப்பிலேயே எச்சரிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. யோசனை நல்லது. ஆனால் ஒழுங்கான நிறுவனங்களும் யார் யார் சொடுக்கினார்கள் என்று எண்ணுவதற்காக, எல்லாச் சுட்டிகளையும் வேறொரு தளத்தின் வழியாகச் சுற்றிவிடுகின்றன. அங்கேயும் மேலே ஒன்று, உள்ளே ஒன்று. நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு? பத்துத் தடவை பொய்யாக அடித்த மணியைப் பதினோராவது தடவை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். இந்த விஷயத்தில் என் கோபம் எரிதக்காரன்மேல் பாதி, செய்திமடல் அனுப்பும் சந்தைப்படுத்தல் துறையினர்மேல் பாதி.

முகவரியின் நடுவில் "@" குறியைப் போட்டால் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் பயனர் பெயர், பின்னால் இருப்பதுதான் உண்மையான தளம் என்பது பழைய விதி. வங்கியின் பெயரை முன்னால் போட்டு ஏமாற்றுவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். மைக்ரோசாஃப்ட் 2004 பிப்ரவரியில் தன் உலாவியிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டது. சாய்கோட்டுக்குப் பதில் பின்சாய்கோட்டைப் போட்டாலும் உலாவிகள் பெரிய மனதுபண்ணிச் சரியாகப் புரிந்துகொள்ளும். விதியை மட்டும் படித்துவிட்டு எழுதிய வடிகட்டி "இது முகவரியே இல்லை" என்று தாண்டிப்போய்விடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2018 மே மாதத்தில் அவனான் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பேஸ்ஸ்ட்ரைக்கர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எச்டிஎம்எல்லில் முகவரியின் முன்பாதியை பக்கத்தின் தலையில் "அடிப்படை முகவரி" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, கீழே சுட்டியில் பின்பாதியை மட்டும் எழுதலாம். எல்லோருக்கும் தெரிந்த, தொண்ணூறுகளிலிருந்து இருக்கும் வசதி. ஆஃபீஸ் 365-இன் வடிகட்டி இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பார்த்தது. பட்டியலில் இருப்பது முழுமையான முகவரி, ஆகவே பாதி எதுவும் மாட்டவில்லை. அவுட்லுக் செயலி இரண்டையும் ஒட்டி, ஒழுங்கான சுட்டியாகப் பயனர் கையில் கொடுத்தது. அந்த ஓட்டையைப் பிறகு அடைத்துவிட்டார்கள். ஆனால் பாருங்கள், வடிகட்டியும் ஒரே நிறுவனத்துடையது, செயலியும் அதே நிறுவனத்துடையது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் இரண்டு ஜோடிக் கண்.

ஆகவே நான் சொல்லவருவது இதுதான்: வடிகட்டிக்கென்று தனியாகச் சுட்டி தேடும் நிரல் இருக்கக்கூடாது. செயலி எதைச் சொடுக்கக்கூடியதாகக் காட்டப்போகிறதோ, அந்தப் பட்டியலைத்தான் வடிகட்டி சோதிக்கவேண்டும். அது முடியாத இடத்தில் (வடிகட்டி ஒரு வழங்கியில், செயலி ஒருவர் கைப்பேசியில் என்று பிரிந்திருந்தால்) வழியைத் திருப்பிப் போடலாம். வடிகட்டி தான் கண்டுபிடித்துச் சோதித்த சுட்டிகளை அஞ்சலின் தலைப்பகுதியில் குறித்து அனுப்பட்டும். செயலி அவற்றுக்கு மட்டும் நீலம் பூசட்டும். பட்டியலில் இல்லாதது வெறும் எழுத்தாகவே இருக்கட்டும். தேவைப்படுகிறவர் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார். அந்த ஒரு நிமிடச் சிரமத்தில்தான் பலருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

"நடுவில் எவனாவது அந்தத் தலைப்பகுதியையே போலியாகப் போட்டுவிட்டால்?" என்று ப்ராஜெக்ட் வைவாவில் கேட்டார்கள். வெளியிலிருந்து வரும் அஞ்சலில் அப்படி ஒரு வரி ஏற்கெனவே இருந்தால் அதை வாசலிலேயே அழித்துவிட்டுத்தான் நம் வழங்கி தன் வரியை எழுதவேண்டும். வேறு சில தலைப்புகளுக்கு இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த எளிய வழிக்கு வராமல், பல நிறுவனங்கள் எதிர்த் திசையில் ஓடுகின்றன. சந்தேகம் வந்தால், ஏன் சந்தேகம் வராவிட்டால்கூட, வடிகட்டியே ஒவ்வொரு சுட்டியையும் திறந்து பார்த்துவிடுகிறது. சுருக்கிய முகவரிகள் எங்கே போகின்றன என்று தெரியவேண்டுமானால் திறந்துதான் ஆகவேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

இந்த யோசனையும் புதிதல்ல. அதே பால் கிரஹாம் 2003-இல், எரிதம் என்று சந்தேகிக்கப்படும் அஞ்சலில் இருக்கும் சுட்டிகளை வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்து திறந்தால், எரிதக்காரனின் வழங்கி பாரம் தாங்காமல் படுத்துவிடும் என்று எழுதினார். தண்டனையும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று. 2004 கடைசியில் லைகோஸ் ஐரோப்பா நிறுவனம் கிட்டத்தட்ட அதே எண்ணத்தில் ஒரு திரைக்காப்பானை வெளியிட்டு, கண்டனங்கள் குவிந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கும்பலாகப் போய்க் கதவைத் தட்டுவது நல்ல காரியத்துக்கானாலும் தாக்குதல்தானே.

இப்போதைய வடிகட்டிகள் பழிவாங்கத் திறப்பதில்லை, பார்க்கத்தான் திறக்கின்றன. ஆனால் பார்த்தாலே காரியம் ஆகிவிடும் சுட்டிகள் இருக்கின்றன. என் விடுதி நண்பன் ஒருவனுக்கு நடந்தது இது. கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பம். கல்லூரி மின்னஞ்சல் முகவரிதான் கொடுக்கவேண்டும். கடவுச்சொல் கிடையாது, உள்ளே நுழைய ஒருமுறை மட்டும் வேலைசெய்யும் சுட்டியை அஞ்சலில் அனுப்புவார்கள். அஞ்சல் வந்தது. சொடுக்கினான். "இந்தச் சுட்டி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது". மறுபடி கேட்டான், மறுபடி அதே பதில். கல்லூரியின் அஞ்சல்கள் ஏதோ ஒரு பாதுகாப்புச் சேவையின் வழியாக வருகின்றன. அந்தச் சேவை அவனுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கடைசி நாள். கணினி மையத்தில் இருந்த அண்ணன் பாவம், "நம்ம கையில ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் அவங்க பக்கத்துல நடக்குது" என்றார். அறக்கட்டளையின் தொலைபேசி ஐந்து மணிக்குமேல் யாரும் எடுக்கவில்லை. ராத்திரி 12 மணிக்குப் பக்கம் மூடிவிட்டது. அவன் அப்பா நெசவு வேலை. அந்த வருட விடுதிக் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள்.

எரிதத்திலிருந்து அவனைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு இது! இதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. "இந்த முகவரி உங்களுடையதுதானா? ஆம் என்றால் சொடுக்குங்கள்" என்று வரும் அஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் உங்கள் முகவரியைக் கொடுத்து எங்கேயோ கணக்கு ஆரம்பித்தால், உங்கள் வடிகட்டி உங்களைக் கேட்காமலே "ஆம்" சொல்லிவிடும். செய்திமடலிலிருந்து விலகும் சுட்டியைத் திறந்தால், நீங்கள் விரும்பிப் படித்துவந்த மடல் நின்றுபோகும்.

குறை அந்தத் தளங்களிலும் உண்டு. வெறுமனே ஒரு பக்கத்தைக் கேட்பது எந்த மாற்றத்தையும் செய்யக்கூடாது, மாற்றம் செய்ய வேறு வகைக் கோரிக்கை இருக்கிறது என்று 1999-இன் எச்டிடிபி விதிகளே சொல்கின்றன. 2017-இல் ஒரே சொடுக்கில் விலகுவதற்கான விதி வந்தபோது, வடிகட்டிகள் சுட்டிகளைத் திறந்துபார்ப்பதால் ஆட்கள் தெரியாமலே விலகிவிடுகிறார்கள் என்பதை ஒரு காரணமாகவே எழுதி, விலகும் கோரிக்கையைத் தனி வகையாக அனுப்பச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 5000 அஞ்சல்களுக்குமேல் அனுப்பும் மொத்த அனுப்புநர்களிடம் 2024 முதல் கூகுள் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. யாகூவும் கேட்கிறது. அதாவது, வடிகட்டி சொடுக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, மற்றவர்கள் எல்லோரும் விலகி வழிவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தெருவில் தாறுமாறாக ஓடும் வண்டிக்காக வீட்டு வாசற்படியை இடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. தளப்பெயரைப் பட்டியலில் கேட்பதற்கு அந்தத் தளத்தின் கதவைத் தட்டவேண்டியதில்லை. சுருக்கிய முகவரியாக இருந்தால், சுருக்கும் சேவை மட்டும் எங்கே அனுப்புகிறது என்று பார்த்து அங்கேயே நின்றுவிடலாம். அதற்குமேல் போகத்தான் வேண்டும் என்றால், பயனர் சொடுக்கிய பிறகு, அவர் கண்முன்னால் போகட்டும்.

இந்த ஏற்பாட்டில் பிடிபடாமல் போகிறவர்கள் இருப்பார்கள். முகவரியைப் படமாக, க்யூஆர் குறியாக அனுப்புகிறவனிடம் என் பட்டியல் பலிக்காது. செயலி அங்கே எந்தச் சுட்டியும் செய்வதில்லை, கைப்பேசியின் கேமரா செய்கிறது. வடிகட்டி அந்தப் படத்தையும் பிரித்துப் படிக்கலாம், படிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். நீலம் பூசுகிறவர் அஞ்சல் செயலியாக இல்லாமல் கேமராவாக இருக்கும்போது யாரோடு யாரை ஒத்துப்போகச் சொல்வது என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. "முகவரியில் இருக்கும் நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்யவும்" என்று கெஞ்சும் எரிதங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டு ஏமாறப்போகிறவர்கள் குறைவு. எரிதம் லாபமாக இருப்பதே ஒரு சொடுக்கு இலவசமாகக் கிடைப்பதால்தான்.

நான் என் பங்குக்குச் செய்திருப்பது சின்ன விஷயம். தண்டர்பேர்டில் எச்டிஎம்எல்லை அணைத்துவிட்டு வெற்று எழுத்தாகத்தான் படிக்கிறேன். தமிழில் எழுதும்போது முகவரியைத் தனி வரியில், முக்கோண அடைப்புக்குறிக்குள் போட்டு, உருபை ஒட்டாமல் அடுத்த வரியில் "என்ற பக்கத்தில் பார்" என்று எழுதுகிறேன். எதற்கு இந்த அலங்காரம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1994-லேயே சொன்னது என்றால் சிரிக்கிறார்கள்.